சாவியை எங்கே வைப்பது

செருப்பை எடுத்து டம்ளருக்கு முன்னால் வைக்கிறாள். எட்ட நின்று பார்க்கிறாள். மறுபடி பின்னால் தள்ளுகிறாள். காலையிலிருந்து ஹரிதாவுக்கு இதே வேலை. வீட்டு நடையில் வரிசையாகக் கிடக்கின்றன: ஒரு ரப்பர் செருப்பு, டம்ளர், மூடி வைத்த தட்டு, கடைசியில் பைக் சாவி. ஒவ்வொன்றும் அவள் எடுத்த குறும்படத்தில் ஒரு காட்சி. நடித்தவள் அவள் அம்மா செங்கம்மா. செங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது; பக்கத்து வீட்டுக்காரியான எனக்கும் தெரியாது. அதனால் ஹரிதா கதையை இப்படித் தரையில் பரப்பிக் காட்டுவாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே புரியும்.

பாகாலா ரயில் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவள் பிழைப்பு. அங்கே உட்கார்ந்தே கிடப்பதாலோ என்னவோ, வீட்டில் உட்காரவே மாட்டாள். சோறுகூடத் தட்டோடு நடந்தபடிதான். யார் எதைச் சொன்னாலும் பாதியில் வெட்டுவாள். ஒரு தடவை சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததை நான் பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பித்தேன்.

"பஸ்ஸ வுடு ஆயா. டாக்டர் இன்னா சொன்னாரு, அங்கேர்ந்து வா."

பஸ் ஏறாமல் டாக்டர் எப்படி வருவார்? நான் மறுபடி பஸ்ஸிலிருந்துதான் சொன்னேன்.

இந்தப் படம் திருப்பதியில் ஏதோ போட்டிக்கு என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். இல்லை. இது அவள் அண்ணன் வெங்கட்டுக்கு. அவர்கள் நைனா, செங்கம்மாவின் புருஷன், செத்துக் காரியம் செய்த அன்று சொந்தக்காரர்கள் முன்னால் செங்கம்மா அவனைப் பார்த்து, "நீ இருந்தா இன்னா, போனா இன்னா" என்று சொல்லிவிட்டாள். பைக் சாவியை வாசற்படியில் வைத்துவிட்டு ரயிலேறியவன்தான், திரும்பி வரவில்லை. நம்பரையும் மாற்றிவிட்டான். ஆனால் ஹரிதா செல்போனில் ஏற்றுகிற படங்களையெல்லாம் பேர் போடாத ஒருத்தன் பார்க்கிறான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெங்கட் விட்டுப்போன சிவப்பு பைக்கின் படம். இவள் எழுதிக் கேட்டால் பதில் வராது.

"மொதல்லயே அம்மா அழுதுகினு இருந்தா, கூப்புடறதுக்குத்தான் எடுத்துக்கீறாங்கன்னு தெரிஞ்சிக்குவான் ஆயா. வெரலால தள்ளிட்டு வேற படத்துக்குப் பூடுவான்."

வெங்கட் போனதிலிருந்து செங்கம்மா தினமும் அந்த பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்கிறாள். ஓட்டத் தெரியாது. சும்மா நின்றால் கெட்டுப்போகும் என்று. அது கொஞ்ச நேரம் இருமும். பிறகு ஒரு பெரிய தும்மல் போட்டுப் பிடித்துக்கொள்ளும். தெருவில் வேறெந்த வண்டிக்கும் அந்தத் தும்மல் கிடையாது. பார்க்கிறவர்கள் அழவேண்டும் என்று ஹரிதா அந்தக் காட்சியைக் கடைசியில் வைத்திருந்தாள்.

மகன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதில்தான் கதை தொடங்கவேண்டும் என்பது என் கட்சி. "அவன் போனாதானேடி இவ காத்துகினு இருக்க முடியும்?"

"போனது அவனுக்குத் தெரியாதா? போனவனே அவன்தான ஆயா."

"தெரிஞ்சா இன்னா? கதைன்னா வரிசை வேணும்."

செங்கம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இன்னும் எம்மா நேரம் என் டம்ளர வச்சிக்கினு சண்ட போடுவீங்க? டீ ஆறுது." வரிசையின் கடைசியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். "இவ கூத்துல வண்டிய மறந்துட்டேன்."

நான் விடவில்லை. செருப்பைக் கையில் எடுத்து, இது இல்லாமல் எது என்று ஆரம்பித்தேன். வெளியே வண்டி இருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது. என் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. செங்கம்மாதான் உதைக்கிறாள் என்று தெரிந்தும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன், வெங்கட் வந்துவிட்டானோ என்று.

ஹரிதா வாசலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கம்மா உள்ளே வந்ததும் ஹரிதா சாவியை அவள் கையிலிருந்து பிடுங்கி வரிசைக்கு முன்னால் வைத்தாள். "படத்துல ஒண்ணும் தெரிய வாணாம். கருப்பாவே இருக்கட்டும். மொதல்ல வண்டி சத்தம் மட்டும் போதும்." என் கையிலிருந்த செருப்பையும் வாங்கி வாசல் பக்கம் போட்டாள். எனக்குச் சம்மதமில்லை. இன்றைக்கும் இல்லை.

உள்ளறையில் இருந்த கம்ப்யூட்டரிடம் போனாள், நின்றபடியே வெட்டி ஒட்டினாள், வெங்கட் பார்க்கட்டும் என்று செல்போனில் ஏற்றினாள். திரும்பி வந்து வரிசையைப் பார்த்தாள். மூடி வைத்த தட்டுக்கு அப்புறம், சாவி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. செல்போனை அங்கே வைத்தாள். வைத்துவிட்டு, அதற்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.