திரும்பி வராத ஒரு டப்பா

ராசிபுரத்தில் பஷீராவின் நோன்புக் கஞ்சிக்கு, நோன்பு வைக்காதவர்கள்தான் பெரிய அடிமைகள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் ஜான் பாஷா விபத்தில் இடுப்பொடிந்து படுத்தபோது, அழுத கண்ணோடு அடுப்பைப் பற்றவைத்தவள் அவள். இன்று அவள் சமைப்பதெல்லாம் டப்பாக்களில் அவள் பெயரோடு சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டியில் இருக்கிறது.

அந்த ரமலான் பிற்பகலில் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. சோதனைக்கு அனுப்பிய கஞ்சியில் நோய்க்கிருமி இருக்கலாமாம். கர்ப்பிணிகளுக்கு மிகவும் ஆபத்தாம். வயிற்றுப் பிள்ளையைக்கூட விட்டுவைக்காதாம்.

“இருக்கலாம்னுதானே சொல்றாங்க? வெளிய தெரிஞ்சா உன் பேரே போயிரும் புள்ள,” என்றார் ஜான் பாஷா.

“போனாப் போகட்டுங்க. பேரு மறுபடி வரும். உசுரு வருமா?”

கடையில் மிச்சமிருந்ததை எல்லாம் எடுத்தாள். பில்லில் இருந்த எண்களைப் பார்த்து வாங்கியவர்களைப் போனில் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினாள். ஒரு டப்பா மட்டும் வரவில்லை.

“அது சின்னாயியக்கா வாங்குனதுங்க,” என்றான் பில் போடும் வேல்முருகன். “மக அபிநயா மாசமா இருக்குதுல்ல, ஆசைப்பட்டுச்சாம்.”

சின்னாயியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. தறியில் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

வறண்ட தொண்டையோடு ஸ்கூட்டரை விரட்டினாள். ‘யா அல்லா, என் கையால ஒரு சிசுவுக்கு...’ அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியமில்லை. சின்னாயியின் தெருவில் திரும்பும்போதே பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது.

வீட்டுக்குள் ஓடினாள். அங்கே கஞ்சி டம்ளரை உதட்டருகே கொண்டுபோயிருந்தாள் அபிநயா.

“குடிக்காத சாமி!”

பஷீரா தட்டிவிட்ட வேகத்தில் டம்ளர் உருண்டு, கஞ்சி சுவரெல்லாம் தெறித்தது.

“ஏனுங்க பாயம்மா, காசு குடுத்துத்தானே வாங்குனோம்!” என்று தறியை விட்டு ஓடிவந்தாள் சின்னாயி.

மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்ன பஷீரா, அபிநயாவின் கன்னங்களைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு வாயாவது குடிச்சியா கண்ணு?”

“இல்லீங்க. மத்தியானத்துல இருந்தே நாக்கு ஊறுச்சுங்க. ஆனா நோன்புக் கஞ்சியாச்சே! நீங்கெல்லாம் பட்டினி கெடக்கறப்ப, பாங்கு சொல்றதுக்கு முன்னால நான் எப்படீங்க குடிக்கறது?”

பஷீரா சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. “அடிப் பைத்தியமே! மாசமா இருந்தா எங்களுக்கே நோன்பு கட்டாயமில்லடி!”

பஷீராவின் உதடு வெடித்திருப்பதை அப்போதுதான் கவனித்த சின்னாயி, செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் குடித்து நோன்பு திறந்தாள் பஷீரா.

“நாளைக்கு எங்க ஊட்டு அடுப்புல புதுசாக் காச்சி, சுடச்சுடக் கொண்டு வாரேன். பாங்குக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது, கேட்டியா?”

“காத்திருப்பேனுங்க பாயம்மா,” என்றாள் அபிநயா.