தெற்கு யன்னலும் இரண்டு கண்ணாடித் துண்டுகளும்

காலை ஏழு மணி பத்து நிமிடம். விழித்ததும் நான் முதலில் கண்டது கண்ணாடி இல்லாத அலுமாரிக் கதவு. கண்ணாடி இருந்த இடத்தில் வெளிறிய பலகை தெரிந்தது. அதன் முன்னால் என் மனைவி தரையில் இருந்தாள். கையில் குசினிக் கத்தி. பக்கத்தில் விரித்த சாக்கின்மேல் கண்ணாடி, இரண்டு துண்டுகளாக.

"கழட்டேக்க விரிஞ்சு போச்சு," என்றாள். "அப்பாட்டச் சொல்லிப்போடாதேங்கோ."

அந்த அலுமாரி எங்கள் கலியாணத்துக்கு அவளுடைய அப்பா தந்தது. அப்பா அடுத்த அறையில் படுத்திருந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகுக்குச் சுக்கான் பிடித்து ஓய்வு பெற்றவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு வெடித்திருந்தது. காலில் கயிறு கட்டி, கப்பி வைத்து, மணல் பை தொங்கவிட்டிருந்தார்கள். மூன்று மாதம் மல்லாந்து கிடக்கவேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் கட்டளை. அவர் அதற்குப் பணிந்தார். ஆனால் கதைப்பதை நிறுத்திவிட்டார். பிறகு சாப்பாட்டையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டார். சாப்பிடாவிட்டால் எலும்பு பொருந்தாது, ஆள் எழும்பமாட்டார் என்று டொக்டர் என் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

அவள் அந்த அறையைத் திருத்தத் தொடங்கியது அதன் பிறகுதான். சுண்ணாம்பில் சலவை நீலத்தைக் கரைத்துச் சுவருக்குப் பூசினாள். ஈரத்தில் கடும் நீலமாகத் தெரிந்து என்னைப் பயமுறுத்தியது, காய்ந்ததும் காலை வானத்தின் நிறத்துக்கு வந்தது. கரை கிழிந்த சேலையை இரண்டாக வெட்டி யன்னலுக்குத் திரை தைத்தாள். மருந்துப் போத்தல்களில் குரோட்டன் தடிகளை வைத்தாள். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. "நல்லாயிருக்கு பிள்ளை," என்று முகட்டைப் பார்த்துச் சொன்னார்.

எங்கள் வீடு உவர்மலைச் சரிவில் இருந்தது. அந்த அறையின் தெற்கு யன்னலால் துறைமுகம் முழுவதும் தெரியும். அவருடைய தலைமாடு அந்த யன்னலடியில். துறைமுகம் அவருக்குப் பின்னால். கட்டிலைத் திருப்பலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். திருப்பினால் தலை வடக்கே வரும். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையை விட்டுவிட்டேன். கூடத்துக்கு மாற்றலாம் என்றதற்கு அவரே ஒப்பவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் தன்னைக் கிடையில் பார்க்க ஏலாது என்றார்.

ஆகவே அன்று காலை அலுமாரிக் கண்ணாடி. தேயிலைப் பெட்டிப் பலகையில் பெரிய துண்டைப் பொருத்தி, விளிம்பில் பழைய கப்பல் கயிற்றின் புரிகளைச் சிற்றாணி வைத்து அடித்தாள். கயிற்றின்மேல் உப்புவெளிக் கரையில் பொறுக்கிய சிப்பிகளை ஒட்டினாள். அழகுக்கு மட்டுமல்ல, வெடித்த ஓரம் தெரியக்கூடாது என்பதற்காகவும்தான். பக்கத்து வீட்டு அக்கா அப்படியும் கண்டுபிடித்துவிட்டார்.

"உடைஞ்ச கண்ணாடி வீட்டுக்கு ஆகாது பிள்ளை."

"உடையேல்லை அக்கா. ரெண்டாப் போயிருக்கு, அவ்வளவுதான்."

அவர் கண்ணயர்ந்திருந்தபோது, கட்டிலின் கால்மாட்டுச் சுவரில், சாமிப் படத்தைப் போல மேற்பக்கம் முன்னுக்குச் சரிய, அதை மாட்டினோம். நான் கட்டிலோரம் குனிந்து பார்த்தேன். யன்னல், அதற்குள் தண்ணீர், ஒரு வள்ளம். அவர் தானாகக் காணட்டும் என்று மனைவி வெளியே போய்விட்டாள்.

மாலை ஆறரைக்கு ஒரு கப்பல் உள்ளே வந்தது. பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிவிட்டுத் தந்திக் கந்தோரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். அறைக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"தம்பி. ஆர் உந்தக் கண்ணாடியை மாட்டினது?"

"மகள்தான் மாமா."

"வாற கப்பலுக்குப் பச்சை விளக்கு என்ர இடக்கைப் பக்கம் தெரியவேணும். இதில சிவப்பு தெரியுது. இவன் இப்பிடி வந்தானெண்டால் மலையிலதான் ஏத்துவான்."

ஒரு கிழமைக்குப் பிறகு அவர் பேசிய முதல் நீண்ட பேச்சு அது. இடம் வலம் மாறியிருந்ததை நான் கவனித்திருக்கவில்லை. முன்பு பத்திரிகை அச்சுக்கூடத்தில் இடம் வலம் புரண்ட அச்செழுத்தை வாசித்துப் பழகியவனுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. அவருக்கு அது பொறுக்கமுடியாததாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கஞ்சியோடு வந்த மகளிடம், "எடுத்துப் போடு பிள்ளை," என்றார். கஞ்சி அப்படியே திரும்பி வந்தது.

மறுநாள் காலை மனைவி என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டாள். இரண்டு துண்டுகளையும் சுவரோரம் நிறுத்தி, விரித்த புத்தகத்தைப் போல ஒன்றோடொன்று சேர்த்து, அகட்டியும் ஒடுக்கியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட பேப்பரை நெஞ்சோட பிடியுங்கோ."

பிடித்தேன். இரண்டு துண்டும் சுவர் மூலையைப் போல நேர்கோணமாக நின்றபோது, பத்திரிகையின் பெயர் கண்ணாடிக்குள் நேராக வாசிக்கும்படி தெரிந்தது. எழுத்து ஒன்றும் புரண்டிருக்கவில்லை. அவள் மூச்சு விடாமல் அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு, "ஆணி எடுங்கோ," என்றாள்.

அன்று முழுவதும் அதே வேலை. சிறிய துண்டுக்கும் பலகை, கயிறு, சிப்பி. அசையாமல் இருக்க மேலும் கீழும் குறுக்குச் சட்டம். மாலையில் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அவர் கண்ணை மூடியபடியே கிடந்தார்.

"அப்பா. ஒருக்காப் பாருங்கோ. பிழையெண்டால் கழட்டிப்போடுறன்."

பார்த்தார். கப்பல் கண்ணாடியின் ஓர் அரையிலிருந்து மற்ற அரைக்கு நடுக்கோட்டைத் தாண்டிப் போகும்வரை கண்ணெடுக்கவில்லை.

"இப்ப சரி," என்றார். பிறகு, "நடுவில ஒரு கோடு கிடக்கு."

"உங்கட படகின்ர கொடிமரம் எண்டு நினையுங்கோ."

"கரையில ஆரடி கொடிமரம் நட்டது?" மனைவி சிரித்தாள். அவர் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். "கஞ்சி கிஞ்சி கிடக்கோ?"

அதிலிருந்து காலையும் மாலையும் துறைமுகத்துச் செய்தி எனக்கு அந்தக் கட்டிலிலிருந்து கிடைத்தது. எந்தப் படகு எஞ்சின் கோளாறால் மெல்லப் போகிறது, எவன் நங்கூரத்தைத் தப்பான இடத்தில் போட்டான் என்பதெல்லாம் சொல்வார். இரண்டொன்றை நான் பத்திரிகைக்கு எழுதியும் அனுப்பினேன்.

இரண்டாம் மாதத்தில் ஒருநாள் காலை, தேத்தண்ணி கொண்டுபோன மனைவியை அவர் நிறுத்தினார்.

"பிள்ளை, இஞ்ச வா. என்ன, கொஞ்ச நாளா உன்ர பொட்டு ஒரு பக்கமாக் கிடக்கு?"

அவள் விரலால் தொட்டுப் பார்த்து, "அவசரத்தில வைச்சது," என்றாள்.

அந்தக் கண்ணாடியில் பார்த்துப் பொட்டு வைக்கக் கையை ஒரு பக்கம் கொண்டுபோனால் மற்றப் பக்கம் போவதாகத் தெரியும். நடுக்கோடு நெற்றிக்கு நேரே விழும். நான் சலூனில் முகம் வழிக்கிறவன். வீட்டில் வேறு கண்ணாடி இருக்கவில்லை.