கப்பலுக்குக் காத்திருக்கும் ரயில்

விடியும் முன் டார்ம்ஸ்டாட்டில் ஏறினேன். மதியம் தாண்டியும் ஜெர்மனி முடியவில்லை. ரயில் புட்கார்டன் துறைமுகத்தில் நிற்கிறது. கப்பல் வந்ததும் பயணிகளோடு ரயிலையே அதற்குள் ஏற்றி, அக்கரையில் டென்மார்க்கில் இறக்குவார்களாம். நான் போக வேண்டிய ஸ்வீடன் அதற்கும் அப்பால். இடுப்பு விட்டுப்போகிறது.

நடைமேடையில் இறங்கி, அம்மாவிடம் போனில் "சாப்ட்டேம்மா" என்று பொய் சொல்கிறேன். குப்பைத்தொட்டிக்குப் புதுப் பை மாட்டிக்கொண்டிருக்கும் பெண் நிமிர்கிறார். ஐம்பது வயதிருக்கும், ஆரஞ்சு மேற்சட்டை.

"தம்பி தமிழோ? எங்கை போறீங்கள்?"

"ஸ்வீடனுக்கு அக்கா. யூனிவர்சிட்டில எக்ஸ்சேஞ்ச், ஆறு மாசம். ஃபார்ம் நிரப்பியே அலுத்துப்போச்சு."

"அதென்ன எக்ஸ்சேஞ்ச்?"

"இங்கேர்ந்து நான் போறேன். பதிலுக்கு அங்கேர்ந்து ஒருத்தர் இங்க படிக்க வருவாங்க."

அவர் பழைய பையை முடிச்சுப் போடுகிறார். தங்கை ஸ்வீடனில்தான், மால்மோவில் இருக்கிறாராம். கடைசியாக ஊரில் பார்த்தது, எட்டு வருடமாகிறது. இருவரின் அகதி விண்ணப்பமும் இன்னும் முடிவாகவில்லை; அதுவரை இருக்கும் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாதாம்.

"அவவுக்கு அங்கையிருந்து வெளிக்கிட ஏலாது. எனக்கு இந்தக் கடல் தாண்ட ஏலாது. ஒவ்வொரு நாளும் இந்த ரயிலைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

நான் அலுத்துக்கொண்டது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எங்கள மாதிரி உங்களையும் தங்கச்சியையும் மாத்திவிட்டா நல்லாருக்கும்க்கா" என்கிறேன்.

"ஓம்" என்று சிரிக்கிறார். "அவ இங்கை வந்து இறங்குவா. நான் அங்கை போயிருப்பன்."