பச்சை வாளியும் மூன்றாவது சிவப்பு ஸ்டிக்கரும்

பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் வேலை என்று சொன்னால் ஆட்கள் காடு, கடல், திமிங்கிலம் என்று ஏதேதோ நினைக்கிறார்கள். உண்மையில் அது மற்றவர்கள் சாப்பிட்டு எறிந்ததுக்குள் தலையை விட்டுப் பார்க்கிற வேலை. நீங்களும் ஒருக்காலாவது கையில் வெறுங் கோப்பையோடு மூன்று நிற வாளிகளுக்கு முன்னால் நின்று முழித்திருப்பீர்கள். ஒருத்தரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கிட்டத்து வாளிக்குள் போட்டுவிட்டு ஓடியும் இருப்பீர்கள். பரவாயில்லை, மறைக்க வேண்டாம். நீங்கள் ஓடின பிறகு அந்தக் கோப்பையை வெளியே எடுத்தவள் நான்தான்.

எங்கள் வளாகம் நியூசிலாந்தில், மனுகாவ் பக்கம். அங்கே இந்த வேலைக்கு இரண்டே பேர்: யாழ்ப்பாணத்துக்காரி நான், மதுரைக்காரி கவிதா. சாப்பாட்டுக் கழிவைத் தனியாகச் சேர்த்து உரமாக்க அனுப்புகிற பச்சை வாளித் திட்டத்தை ஒரு வருசம் செய்து பார்ப்போம் என்று மேலிடம் விட்டது. கழிவு ஏற்ற வருகிற லொறிக்காரர் வாளியைத் திறந்து பார்ப்பார். உள்ளே பிளாஸ்டிக், கிளாஸ்டிக் ஏதும் கிடந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார். மூன்று சிவப்பு விழுந்தால் திட்டம் மூடல். அந்தத் திட்டத்துக்கென்று வந்த கவிதாவின் வேலையும் மூடல். அவளுடைய விசா இந்த வேலையோடு கட்டுண்டிருந்தது. நிரந்தர வதிவிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு, புருசனும் பிளாட் புஷ்ஷில் பள்ளிக்கூடம் போகிற மகளுமாகக் காத்துக்கொண்டிருந்தாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ. நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று விளங்கும்.

சோறு உள்ளே இருந்தது

முதல் சிவப்பை வாங்கித் தந்தது மாணவர் விடுதி. லொறிக்காரர் தவிட்டா சமோவாக்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். அன்று காலை வாளியின் அடியிலிருந்து ஒரு முழு ரைஸ் குக்கரைத் தூக்கி எனக்குக் காட்டினார். மூடி, வயர், பிளக், ஒன்றும் குறையில்லை. தானே பிழை செய்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஸ்டிக்கரை ஒட்டினார்.

ஆளைப் பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை, குக்கரின் அடியில் அறை நம்பர் ஒட்டியிருந்தது. போய்க் கதவைத் தட்டினேன். எங்கள் பொடியன்தான், திருச்சிப் பக்கம். கோபத்தில் எனக்கு வார்த்தை தடுமாறியது. அவன் சாவகாசமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னான்: "சோறு ஃபுட் வேஸ்ட்தானே ஆன்ட்டி? அடிப்பிடிச்சிருச்சு, பிரிச்செடுக்க வரல. அதான் அப்படியே போட்டுட்டேன்."

கவிதாவின் பசங்கள்

உணவுக் கூடத்துக்குப் பின்னால் மண்புழுப் பெட்டிகள் இருக்கின்றன. அதைப் பார்க்கிற பொறுப்பு கவிதாவுக்கு. கடிக்கிற நுளம்பைக்கூட அடிக்காமல் ஊதிக் கலைக்கிற பெண் அவள். முதல் நாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு "ஐயோ அம்மா" என்று அவள் கத்தினதில் நூலகத்திலிருந்து ஆள் வந்தது. கொஞ்ச நாளில் கதை மாறிவிட்டது. "பசங்களுக்கு வெங்காயம் ஆகாது" என்று நூடில்ஸ் கடைக்காரரோடு சண்டைக்குப் போனாள். குளிர்காலம் வந்ததும் மகளின் பழைய ரோஸ் நிறப் போர்வையைக் கொண்டுவந்து பெட்டிக்கு மேலே போர்த்தினாள். போர்வை ஈரமானால் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்துக் காயவைத்துக் கொண்டு வருவாள். அவளுடைய புருசன் பொறுமைசாலி.

ஒருநாள் எங்கள் செக்யூரிட்டி சியோனே, தொங்கா நாட்டுக்காரர், தொப்பியைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். யாரும் கேட்கிறார்களோ என்று சுற்றிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "உன்ர சிநேகிதி புழுவோட கதைக்கிறா. அது பரவாயில்லை. ஆனா நான் நிண்டு பார்த்தனான், அவ பதிலுக்கும் காத்திருக்கிறா."

நல்ல டப்பா

கடதாசிப் பெட்டியை ஒழிக்கிறோம் என்று, திருப்பிக் கொடுக்கிற கிண்ணம் கொண்டுவந்தோம். மூடியோடு நல்ல கிண்ணம். சாப்பாட்டை வாங்கு, சாப்பிடு, கழுவத் தேவையில்லை, கொண்டுவந்து தா. இவ்வளவுதான் சட்டம். போன கிண்ணம் போனதுதான். பேராசிரியர்மாரின் அலுமாரியைத் திறந்து பார்த்தோம், கார் நிறுத்துமிடமெல்லாம் தேடினோம், வளாகம் முழுக்க மின்னஞ்சல் போட்டோம். ஒன்றும் வரவில்லை.

பிறகு பிளாட் புஷ்ஷில் ஒரு பிறந்தநாளுக்குப் போனேன். எங்கள் ஊர் ஆள்தான். பெயரைச் சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டா, ஆகவே வேண்டாம். தண்ணி எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். எங்கள் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன! ஒன்றில் சம்பல், ஒன்றில் மீன் குழம்பு, ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் அரைத்த தேங்காய். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறதைப் பார்த்துவிட்டு அவ பெருமையாகச் சொன்னா: "மகன் யூனியிலயிருந்து கொண்டு வாறவன். மூடி நல்ல இறுக்கம், ஒழுகாது. உங்களுக்கும் ரெண்டு தரட்டோ அக்கா?"

கையை ஆட்டு

மின்சாரம் மிச்சம்பிடிக்க ஆய்வு மாணவர் அறைகளில் தானாக அணைகிற விளக்குப் போட்டோம். ஆள் அசையாவிட்டால் அணைந்துவிடும். யோசிக்கிற மனிதர் அசைய மாட்டார் என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. மேல் மாடியில் கோயம்புத்தூர்ப் பொடியன் ஒருத்தன் முனைவர் பட்டத்துக்குத் தனியாக இருந்து எழுதிக்கொண்டிருந்தான். கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். இருட்டு விழும், கையைத் தூக்கி ஆட்டுவான், வெளிச்சம் வரும், ஒரு வரி எழுதுவான், திரும்ப இருட்டு.

உள்ளே போய் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குக் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. நாற்காலியைத் திருப்பி, தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னான்: "தீஸிஸ் நகருதோ இல்லையோ மேடம், தோள்பட்டை வலி சுத்தமா போயிருச்சு."

இலைப் படம்

இரண்டாவது சிவப்பை வாங்கித் தந்தது வேறு யாருமில்லை, எங்கள் சுற்றுச்சூழல் பிரிவே நடத்திய பருவநிலை மாநாடு. சாப்பாட்டு ஒழுங்கு செய்த ஹெலன், மக்கிப் போகும் என்று எழுதிய கோப்பைகளை ஆசை ஆசையாக வாங்கியிருந்தா. எங்கள் உரத் தொழிற்சாலை அந்த வகையை எடுக்காது. தவிட்டா ஒட்டின ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு ஹெலன் அழாத குறையாகக் கோப்பையைத் திருப்பித் திருப்பிக் காட்டினா. "ஆனா இதில பச்சை இலைப் படம் போட்டிருக்கே! இலைப் படம்!" பாவம், அவவோடு என்ன கோபிக்கிறது.

கவிதா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, சாப்பிடாமல் மூடி வைத்தாள். இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் ஏதோ சமாளித்துக் கதைக்கத் தொடங்கினேன், அவள் அதைக் காதில் வாங்காமல் கேட்டாள்: "ஊருக்குப் போனா பாப்பாவை எந்த ஸ்கூல்ல சேர்க்கிறது அக்கா? அதுக்குத் தன் பேரைக்கூட தமிழ்ல எழுத வராது."

வாணி விழா

ஒக்டோபரில் தமிழ் மாணவர் சங்கத்தின் வாணி விழா, சரஸ்வதி பூசைதான். இலங்கை, இந்தியா, மலேசியா எல்லாரும் சேர்ந்து செய்கிற விழா. மாணவர்களைவிட அப்பா அம்மாமார்தான் கூடுதலாக வருவார்கள். மண்டபம் எங்கள் வளாகத்து மண்டபம், ஆகவே வாளியும் எங்கள் வாளி. தட்டே வேண்டாம், வாழையிலை என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். மங்கரேயில் சியோனேயின் உறவுக்காரர் வீட்டுப் பின்வளவில் வாழை காடாக நின்றது. கேட்டதும் வெட்டித் தந்தார்கள். இலையும் உரமாகும், மிஞ்சின சோறும் உரமாகும். என் கெட்டித்தனம் எனக்கே தாங்க முடியவில்லை.

சாப்பாடு முடிந்தது. வாளியெல்லாம் பச்சைப் பசேலென்று மடித்த இலைகள். பிளாஸ்டிக் என்று ஒரு துண்டு கண்ணில் படவில்லை. கவிதா சந்தோசத்தில் படமெல்லாம் எடுத்தாள். நான் சும்மா மேலே கிடந்த ஒரு இலையைத் தூக்கினேன். மடிப்புக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பாயாசக் கோப்பை ஒன்று காலில் விழுந்தது. அடுத்ததுக்குள் ஐஸ்கிரீம் கரண்டி. அதற்கடுத்ததுக்குள் ஜூஸ் பைக்கற், ஸ்ட்ரோவோடு. இலையில் பாயாசம் ஓடுமே என்று ஒரு அம்மா அன்பு மிகுதியில் கடைசி நேரம் கோப்பை வாங்கி வந்திருக்கிறா. பிளாஸ்டிக் போட நான் வைத்த பெட்டி வெறுமையாக நின்றது. எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மிளகாய்க் காம்பு, கை துடைத்த டிஷ்யூ, பக்கத்துப் பிள்ளையின் குப்பை, எல்லாவற்றையும் இலை நடுவில் கூட்டி, மரியாதையாகத் தன் பக்கம் மடித்துவிட்டுத்தான் எழும்புவோம். திங்கள் காலை தவிட்டா வருவார். பெற்றோர் குழுத் தலைவர் ஞானம் அண்ணையிடம் ஓடினேன். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. விசயத்தைச் சொல்லி, இலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். மனிதர் ஓரடி பின்னால் போனார். "எச்சில் இலையைப் பிரிக்கிறதோ? என்ன பிள்ளை விசர்க்கதை கதைக்கிறாய்!"

ஒரு சொல்

நான் திரும்பிப் பார்க்கும்போது கவிதா சேலையைச் செருகிக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். ஒரு வாளியைச் சரித்து, ஒவ்வொரு இலையாகப் பிரிக்கத் தொடங்கினாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அடக்க முடியவில்லை. மேடையில் ஏறி, பரதத்துக்குப் பிள்ளைகளை அறிவித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து மைக்கைப் பறித்தேன். மண், மழை, வெப்பம், வருங்காலச் சந்ததி என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். சபை தலையாட்டியது. பின்வரிசையில் ஒருத்தர் கைதட்டவும் செய்தார். ஒருத்தரும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

கவிதாவைப் பார்த்தேன். நான் என்ன கேட்கிறேன் என்று அவளுக்கு விளங்கியது. சரி என்று தலையசைத்தாள். "அங்க நிலத்தில இருக்கிற பிள்ளையைப் பாருங்கோ. இண்டைக்கு இது சரிவராட்டி அவவுக்கு வேலை போகும். வேலை போனா விசா போகும்." அவ்வளவுதான் சொன்னேன். மண்டபத்தில் கதிரைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. விசாவுக்காக வாசலில் தபால்காரரைப் பார்த்து நிற்காத ஆள் அந்தச் சபையில் யார் இருக்கிறார்கள்? அகதியாக வந்தவர், படிக்க வந்தவர், மறுத்துக் கடிதம் வந்து திரும்ப எழுதிப் போட்டவர், எல்லாரும் எழும்பி வந்தார்கள். காஞ்சிபுரத்தை இடுப்பில் செருகினார்கள். கையுறை முடிந்துபோய்விட்டது என்றேன். "கையுறை எதுக்குலா, சோப்பு இருக்குதானே" என்று மலேசியாக்கார அம்மா ஒருத்தி என்னை விலக்கிக்கொண்டு போனா. எந்த இலை யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பரத உடுப்போடு பிள்ளைகள் கோப்பைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க இன்னும் உரத்துக் கத்தினேன்.

ஞானம் அண்ணை கடைசியாகத்தான் வந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, கவிதாவுக்குப் பக்கத்தில் மெல்ல நிலத்தில் குந்தி, முதல் இலையை இரண்டு விரலால் பிரித்தார். கொஞ்ச நேரத்தில் முழங்கை வரை சாம்பார். தலையை நிமிர்த்தாமலே அவளிடம் சொன்னார்: "நான் வந்த புதுசில எங்களுக்குப் பக்கத்தில இப்பிடி ஒருத்தரும் வந்து இருக்கேல்லை, பிள்ளை. ஆரும் வந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்."

திங்கட்கிழமை

பிற்பாடு கவிதாவுக்கு வதிவிடம் கிடைத்துவிட்டது என்பதை முதலே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நெஞ்சிடி வரக்கூடாது. அந்த நெஞ்சிடி அன்று காலை எங்களுக்கு வந்தது போதும். தவிட்டா ஒவ்வொரு வாளியாகத் திறந்தார். தடியை விட்டு அடிவரை கிளறினார். இலையைத் தூக்கிப் பார்த்தார், இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தார். கவிதா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அமுங்கித் தழும்பு விழுந்தது. மனிதர் சட்டைப் பைக்குள் கையை விட்டு, பச்சை ஸ்டிக்கரை எடுத்து, நான்கு மூலையையும் அமத்தி ஒட்டினார். கவிதா வாய்விட்டு அழுதாள்.

பரிசோதகர் பரிசோதகராகத்தான் நிற்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் எங்களோடு சொந்தக் கதை கதைத்ததில்லை. அன்று லொறியில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கி, அந்தச் சின்னக் குரலில் சொன்னார்: "சிவப்பு ஒட்ட வேண்டி வந்தா ஒட்டித்தான் இருப்பன். அதனாலதான் நேற்று சேர்ச்சில இந்த வாளிக்காக மன்றாடினனான்."

பூமியைக் காப்பாற்ற ஆள் சேர்க்கிற வேலையில் இவ்வளவு காலம் இருந்து நான் கண்டது ஒன்றுதான்: பூமிக்காக எங்கள் ஆட்கள் நன்றாகத் தலையாட்டுவார்கள், பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்காக என்றால் மட்டும்தான் குனிவார்கள்.