யாரும் கட்டாத சுவர்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கள் ஊரை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் எழுதியதில் எங்கே கோளாறு என்று நாள் முழுக்கத் துருவிவிட்டு வீட்டுக்கு வந்தால், பாலைக்கூட முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மனசு வராது. என் கணவன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அந்த மழைக்காலத்தில் அந்தச் சிரிப்பின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பெங்களூரில் வீடியோ கேம் செய்யும் ஒரு சிறிய கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதியிருந்தேன். நீங்களே கட்டிய ஒரு மேப்பை, ஓடும் நிலையில், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. மேப் என்றால் விளையாடுகிறவர்கள் ஓடி ஒளிகிற ஊர். தெரு, வீடு, கூரை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நாமே கட்ட வேண்டும். அது ஓடினால் எனக்கு வேலை. வேலை கிடைத்தால் நான் பெங்களூர் போவேன், அவன் இங்கேயே இருப்பான். "போயிட்டு வா, சாரமில்லை" என்றான்; எங்கள் மலையாளத் தமிழில் பரவாயில்லை என்று அர்த்தம். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டான் என்று எனக்குப் பட்டது.

நான் எடுத்துக்கொண்டது கிழக்கேகோட்டைப் பக்கத்து அக்ரஹாரத் தெரு. நாங்கள் இருவரும் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள்தான். மாமியார் முன்னால் நான் அவனை அழைப்பது "நீங்கோ", வாடகை ஃப்ளாட்டுக்கு வந்தால் "நீ". அவனுக்கும் இந்த மேப் பைத்தியம் உண்டு. அதனால் ஒரே வரிசை வீடுகளில் மேற்குப் பாதியை அவன் கட்டினான், கிழக்குப் பாதியை நான் கட்டினேன். இரண்டையும் கடைசியில் சேர்த்து ஒட்டியது அவன்.

ஒட்டிய பிறகு மேப் ஓட மறுத்தது. ஊர் முழுக்க ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது இந்த வேலையில் விதி. தெருவுக்கு வானம் மூடி, வீட்டுக்கு அதன் கூரையே மூடி. மயிரிழை அளவு திறந்திருந்தாலும் மேப் கட்டும் கருவி அடம் பிடித்து நின்றுவிடும். ஓட்டை எங்கே என்று ஒரு சிவப்புக் கோடு போட்டுக் காட்டும், ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் காட்டும்.

கோடு என் ஓட்டுக் கூரைகளுக்குத்தான் போனது. இரண்டு சரிவுகள் சேரும் மூலையில் ஓட்டை. ஆபீஸ் விட்டு வந்து அடைப்பேன், சேமித்து மூடுவேன். மறுநாள் திறந்தால் அதே மூலை பிளந்திருக்கும். கம்ப்யூட்டர் எங்கள் இருவருக்கும் பொது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவன் அவன். ஒரு மாலை நான் வந்தபோது மவுஸ் இடது பக்கம் இருந்தது. அவன் இடதுகைக்காரன்.

"என் ஃபைலைத் திறந்தியா?"

"இல்லையே. சும்மா, வெறுதே பாட்டு கேட்டேன்."

பாட்டு கேட்க மவுஸ் எதற்கு? அதற்குப் பிறகு அவன் காபி கொண்டுவந்து வைத்தால் காபியைப் பார்க்க மாட்டேன், அவன் முகத்தைத்தான் பார்ப்பேன். நன்றாகப் போகிறதா என்று கேட்டால் வேவு பார்க்கிறான் என்று தோன்றும், கேட்காவிட்டால் எல்லாம் தெரிந்துதான் பேசாமல் இருக்கிறான் என்று தோன்றும்.

கையும் களவுமாகப் பிடிக்க நினைத்து, அவன் கடைக்குப் போயிருந்தபோது ஒரு மூலையை அடைத்தேன். சேமித்தேன், மூடினேன், உடனே நானே திறந்தேன். மூலை பிளந்திருந்தது. வீட்டில் அவன் இல்லவே இல்லை. சரிவாக வெட்டிய மூலைகள் திரையிலுள்ள கட்டங்களின் புள்ளிகளில் உட்காராமல் நடுவே தொங்கியிருக்கின்றன. சேமிக்கும்போதெல்லாம் கருவியே அவற்றைப் பக்கத்துப் புள்ளிக்கு இழுத்துவிட்டிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

கூரைகளை எல்லாம் பிரித்து, மூலைகளைப் புள்ளிகளில் உட்காரவைத்துத் திரும்பக் கட்டினேன். வியாழக்கிழமை சாயங்காலம் சிவப்புக் கோடு முதல் தடவையாகக் கூரையை விட்டு இறங்கியது. அவன் கட்டிய கடைசி வீட்டுக்குள் நுழைந்து, கதவு சாத்திய, மளிகை வைக்கும் உக்கிராண அறையில், பாத்திர அலமாரிக்குப் பின்னால் போய் மறைந்தது. அலமாரியை நகர்த்தினேன். அதன் பின்னால் சுவரே இல்லை. சுவர் பருமனுக்கு ஒரு இடைவெளி, அதற்குக் கீழே பாதாளம், அந்தப் பக்கம் என் முதல் வீட்டு அலமாரியின் முதுகு. அலமாரியெல்லாம் கருவிக்கு வெறும் சாமான், அது எந்த ஓட்டையையும் அடைக்காது.

எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தான். அது இரு வீட்டுக்கும் சொந்தம், வெள்ளையடிக்கும்போது மட்டும் அவரவர் பக்கம். அந்தப் பழக்கத்தில் சுவர் தொடங்கும் இடத்தோடு அவன் நிறுத்தியிருக்கிறான், சுவர் முடிந்த இடத்திலிருந்து நான் தொடங்கியிருக்கிறேன். வேறு தெருவில் வளர்ந்தவர்களாக இருந்தால் ஆளுக்கு நாலு சுவர் எழுப்பியிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இங்க வந்து இந்தக் கூத்தைப் பாரேன்!" என்று கத்தினேன்.

சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவன் திரும்பாமலேயே சொன்னான். "அந்த நடுச்சுவர் அல்லே?"

நான் சுவர் என்று சொல்லவே இல்லை.

"நோக்கு எப்படித் தெரியும்?"

அடுப்பை அணைத்துவிட்டு வந்தான். "ஒட்டும்போதே பாத்தேன்."

"அப்பவே என்னத்துக்குச் சொல்லலை?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். ஒருநாள் நானே அடைச்சுடலாம்னு உக்காந்தேன். கை வரலை."

"பாட்டு கேட்டேன்னு சொன்னியே!"

"நான் ஒண்ணையும் உடைக்கலை, கேட்டியா," என்றான். "இருந்தபடி இருக்கட்டும்னு விட்டேன், அவ்வளவுதான்."

"போகாதேன்னு நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நின்னுடுவே. அப்பறம் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவே."

அது உண்மை. அதனாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் கூரை கூரையாகத் தவித்தபோது பக்கத்தில் நின்று காபி கொடுத்தவன். நான் போய்விடக் கூடாது என்று இவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறான் என்பதில் மனசின் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

உட்கார்ந்து அந்தச் சுவரைக் கட்டினேன். மேப் ஓடியது. தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தேன், எங்கும் தடங்கல் இல்லை.

பெங்களூருக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை எழுதி முடித்ததும், பழக்கதோஷத்தில் "பாத்துச் சொல்லு" என்று நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டேன். எப்போதும் என் ஆங்கிலத்தைத் திருத்துவது அவன்தான். நிதானமாகப் படித்தான்.

"நன்னா இருக்கு. ஒரு தப்பும் இல்லை. அனுப்பிடு."

நான் தலையாட்டினேன். பிறகு முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக நானே திரும்பப் படித்தேன். அவன் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.