கறுப்புத் துணி கட்டிய இடம்

மூன்றாம் முறை எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸ், பதினோரு ஆண்கள் வண்டி நிறுத்தும் ஸ்டாண்டில் வேப்பமர நிழலோடு ஓர் இடம், "பொம்பள ஓட்டுனா லோடு ஒழுங்கா வந்து சேருமா?" என்று கேட்ட செங்கல் சூளைக்காரரின் மொத்த லோடு, இரண்டாம் வகுப்போடு மாடு மேய்க்க அனுப்பப்பட்டவளின் மகளுக்கு நர்சிங் படிப்பு. என் தங்கை கஸ்தூரி ஜெயித்தவை இவை. இத்தனையும் ஜெயித்தவளை ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்க வேண்டுமானால் வண்டிக்கு அடியில்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

உரச்சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, பதினான்காம் நம்பர் ஸ்பேனரால் சாசியைத் தட்டிக்கொண்டிருப்பாள். பிக்கப் வண்டியில் ஏறும் பாரம் முழுவதும் அந்த இரண்டு நீள இரும்புக் கட்டைகளின் மேல்தான். சாணுக்கு ஒரு தட்டு. கணீர் என்றால் அடுத்த சாண். சத்தம் மங்கினால் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, பழைய இன்ஜின் ஆயிலைத் தடவுவாள். "மேல பளபளன்னு இருந்து இன்னா பிரயோஜனம்? குளிக்காம மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போட்ட மாதிரி" என்பாள்.

ஸ்டாண்டில் மற்றவர்களின் வண்டிக்கு அடியிலும் தலையை விடுவாள்.

"வல்லரசு, உனுக்கு துரு ஜாஸ்தியாயிடுச்சு. வண்டிக்கு மாலை போடறத கம்மி பண்ணிட்டு ஒரு பிரஷ் வாங்கு."

"யக்கா, நீ டாக்டருக்குப் படிச்சிருக்கணும்."

"படிச்சிருந்தா உன்னையெல்லாம் தொட்டுப் பாக்கணுமே. வேணாம்ப்பா."

காகிதம் என்று வந்தால் மட்டும் அந்த வாய் அடங்கிவிடும். லைசென்ஸில் கையெழுத்துக் கட்டத்தில் இருப்பது அவளுடைய பெருவிரல் ரேகை. வண்டியைப் பெயர் மாற்றியபோதும் ரேகைதான். மகள் கவிநிலா எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கஸ்தூரி சாக்பீஸால் தரையில் எழுதிப் பார்ப்பாள். யாராவது வந்தால் காலால் அழித்துவிடுவாள். எங்கள் வீட்டில் எட்டாவது வரை படிக்க வைக்கப்பட்டவன் நான்.

2015 தை மாதம் வண்டி வாங்கினாள். அதிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் கல் உப்பையும் படிகாரத்தையும் கறுப்புத் துணியில் முடிந்து, கண்படாமல் இருக்க சாசியில் நான் கட்டிவந்தேன். இடத்தையும் யோசித்தே எடுத்தேன்: அவள் உட்காரும் சீட்டுக்கு நேர் கீழே. பழைய முடிச்சை அவிழ்ப்பது எங்கள் வழக்கமில்லை. அதன் மேலேயே புதியது. ஒன்பது வருஷத்தில் ஓர் அமாவாசை தவறவில்லை. கஸ்தூரியின் ஸ்பேனர் அந்த இடம் வந்ததும் நின்று, அதைத் தாண்டி அடுத்த சாணில் இறங்கும். "அது அண்ணன் கட்னது" என்பாள். அதன்மேல் ஆயில்கூடப் பட விடமாட்டாள்.

2024-இல் ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பத்து நாளில் வண்டியின் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. சோதனை; சான்று கிடைத்தால்தான் அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதை அன்னதானத்துக்கு அவள் அரிசி ஏற்ற முடியும். முந்தின நாள் மழை. ஒரு பக்கம் அவள் தட்டிக்கொண்டிருந்தாள். மறு பக்கம் நான் மல்லாந்து படுத்துப் புது முடிச்சின் கயிற்றை இழுத்து இறுக்கினேன். கயிற்றோடு ஒரு துண்டு இரும்பு என் மார்பில் விழுந்தது. பிஸ்கட் போல இருந்தது. அது சாசியில் உதிர்ந்த இடத்தில் விரலை வைத்தேன். இரண்டு கணு உள்ளே போனது.

"இன்னாண்ணா, கட்டிட்டியா?"

ஒன்பது வருஷ மழையில் கரைந்த உப்பெல்லாம் அந்த ஒரு சாணில்தான் இறங்கியிருக்கிறது. அவள் நகர்ந்து வந்து பார்த்தாள். ஸ்பேனரைக் கீழே வைத்தாள். என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலையும் விட்டுப் பார்த்தாள்.

"போன பௌர்ணமிக்கு கவிநிலா மூட்டை மேல ஒக்காந்து வந்தாண்ணா" என்றாள்.

வேங்கிக்காலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ராமதாஸிடம் வண்டி போனது. பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் முழு நீளத்துக்கும் சுத்தியால் தட்டினார். "மத்த எடமெல்லாம் புதுசாட்டம் கீதுக்கா. இந்த ஒரு சாண்தான் அப்பளமாயிருக்கு. அறுத்துட்டு உள்ளயும் வெளியயும் தகடு வச்சிடலாம்" என்றவர், கந்தல் துணியைப் பிய்த்து எடுத்தார். "இந்த உப்ப எந்தப் புண்ணியவான் கட்னான்? இரும்புக்கு வெஷம் வச்சிருக்கான்."

வல்லரசும் ஸ்டாண்டு ஆட்கள் நாலு பேரும் நின்றிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் கட்னேன்" என்றாள் கஸ்தூரி.

"நீயா! ஊரான் வண்டிக்கெல்லாம் நாடி பாத்தியேக்கா!" என்றான் வல்லரசு.

எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ராமதாஸுக்கு விளக்குப் பிடித்தாள். திறந்த வாயோடு நான் நின்றேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: கட்டியது நான்.

வண்டிக்குப் புதன்கிழமை எஃப்.சி. கிடைத்தது, அதற்கடுத்த திங்கள் பௌர்ணமிக்கு அரிசியும் ஏறியது. என் மனதில் நிற்பது எஃப்.சி.க்கு முந்தின ஞாயிறு. ராமதாஸ் புதுத் தகட்டின் மேல் செங்காவிப் பெயின்ட் அடித்து முடித்திருந்தார்.

"யக்கா, இனிமே இந்த எடத்துக்கு நீதான் பொறுப்பு. ஈரம் காயறதுக்குள்ள ஒரு கைநாட்டு வச்சிட்டுப் போ!" என்றான் வல்லரசு.

மறுபடியும் சிரிப்பு. கஸ்தூரி வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தாள். பெருவிரலைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒரு தரம் பார்த்தாள். விரலை மடக்கிக்கொண்டு, தரையில் துழாவி ஓர் ஆணியை எடுத்தாள். நாக்கு நுனியைப் பல்லில் கடித்தபடி, ஈரப் பெயின்ட்டில் ஒவ்வோர் எழுத்தாகக் கீறினாள். "ஸ்" மேல் புள்ளியைக் கடைசியில்தான் வைத்தாள். கன்னத்தில் விழுந்த பெயின்ட்டைத் துடைக்கவில்லை.

"தேதி இன்னாண்ணா?" என்றாள்.

சொன்னேன். கஸ்தூரி என்ற பெயருக்குக் கீழே அதையும் கீறினாள்: 11.8.2024.