தூவாத பொன்

பத்தாம் வகுப்போடு நின்ற நான் பயணக் குறிப்பு எழுதுவது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹம் நகரிலிருந்து ரயிலேறி வந்து, இன்னொரு ஜெர்மன் நகரமான எசனில் வசந்தி அக்காவின் சமையலறையில் இருக்கிறேன். பெரியம்மாவின் மகள், மைப்பேனாக்களில் ஜப்பானிய அரக்குச் சித்திரம் தீட்டுவதுதான் அவர் தொழில். மேசையில் ஒரு கறுப்புப் பேனா. அதன் மேல் சிவப்பு அரக்கால் கொக்கு வரைந்திருக்கிறார். அரக்கு இறுகுவதற்குள் பொன்தூளைத் தூவ வேண்டும். தூவும் மூங்கில் குழலை அவரால் பிடிக்க முடியவில்லை. விரல்களெல்லாம் கொப்புளம்.

"இந்த அரக்கும் மரப்பால்தானே தம்பி. மாம்பால் பட்ட மாதிரிப் பொங்குது. இனித் தொடவே கூடாதாம், டொக்டர் சொல்லிப்போட்டார்."

"கையுறை போட்டால்?"

"போட்டுத்தான் செய்தனான். எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லு?"

"நான் தூவட்டோ அக்கா?"

சிரிக்கிறார். "நீ திருநீறு பூசுற மாதிரி அப்புவாய். கொக்கு கோயில் சுவராயிடும்."

ஆனாலும் குழலை என் பக்கம் தள்ளுகிறார். எடுக்கிறேன். கொக்கைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். மெதுவாகத் திரும்ப வைத்துவிடுகிறேன்.

நான் ஹம்முக்குத் திரும்பிய மறுநாள் அக்கா தொலைபேசியில் பேசினார். கொக்கு சிவப்பாகவே இறுகிவிட்டதாம். தூரிகைகளைக் குப்பையில் போட்டுவிட்டாராம்.